நீலகிரிக் கடைவீதிகள்

நீலகிரிக் கடைவீதிகள் என்பன தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்திற்கு வரும் பயணிகள் பொருள் வாங்கும் சந்தைகளையும் கடைத்தெருக்களையும் கூட்டுறவு விற்பனை நிலையங்களையும் குறிக்கும். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஆகிய ஊர்களில் இவை அமைந்துள்ளன. தேயிலை, தைலம், தேன், தோடர் பூத்தையல் துணிகள், வர்க்கி ஆகியன இங்கு விற்கப்படும் பொருள்களுள் குறிப்பிடத்தக்கவை. வெளியூர்களிலிருந்து வரும் பொருள்களும் போலிகளும் இவற்றோடு கலந்து விற்கப்படுவதால், மலையில் விளைந்தவற்றையும் செய்யப்பட்டவற்றையும் பிரித்தறிந்து வாங்குவது அவசியமாகிறது.

வரலாறு

நீலகிரியில் நெடுங்காலம் பண்டமாற்று முறையே நிலவியது. தோடர் பால்பொருள்களையும், கோத்தர் இரும்புக் கருவிகளையும் மண்பாண்டங்களையும், குறும்பர் தேன் முதலிய காட்டுப் பொருள்களையும், படகர் தானியங்களையும் அளித்துத் தம்முள் மாற்றிக்கொண்டனர்.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் குடியிருப்பு அமைத்தபின் ஐரோப்பியரின் தேவைக்கான கடைகள் தோன்றின. 1870இல் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைமையிடமானது. மலைத் தொடர்வண்டி 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் அடைந்தது. அதன்பின் சமவெளிப் பொருள்களின் வரத்து பெருகியது. 1905இல் இம்மலைப் பகுதியில் வெண்ணெய்க் கடையாகத் தொடங்கிய நீல்கிரிஸ் நிறுவனம் 1936இல் பெங்களூருக்குச் சென்று, பின்னர் தென்னிந்தியாவில் பெயர்பெற்ற பல்பொருள் அங்காடியாக வளர்ந்தது.

கடைத்தெருக்கள்

உதகமண்டலத்தில் சேரிங்கிராஸ் சந்திப்பும் கமர்சியல் சாலையும் பயணிகள் மிகுதியாகக் கூடும் இடங்களாகும். உள்ளூர் மக்கள் பெரிதும் நாடுவது நகராட்சிச் சந்தையை ஆகும். மலைக் காய்கறிகளான கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, மலைப்பூண்டு ஆகியன அங்குக் கிடைக்கின்றன. தாவரவியல் பூங்காவிற்கு அருகில் திபெத்தியர் நடத்தும் கம்பளி ஆடைச் சந்தை உள்ளது. இங்கு விற்கப்படும் ஆடைகளுள் பல வெளியூர்களில் செய்யப்பட்டவை.

குன்னூர் தேயிலை வணிகத்தின் மையமாகும். 1963 முதல் இங்குத் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. கோத்தகிரியில் பழங்குடியினர் சேகரிக்கும் தேனையும் அவர்களது கைவினைப் பொருள்களையும் விற்கும் நிலையங்கள் உள்ளன.

நாடுகாணி, கேரள எல்லையை ஒட்டிய மலைவழிச் சந்திப்பாகும். கோழிக்கோடு, நிலம்பூர் ஆகிய ஊர்களிலிருந்து வருவோர் இதன் வழியாகவே கூடலூரை அடைகின்றனர். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகள் உயரம் குறைந்தவை. ஆதலால் மிளகு, ஏலக்காய், காப்பி, இஞ்சி ஆகியன இங்கு விளைகின்றன. நறுமணப் பொருள்களை வாங்க விரும்புவோர்க்கு உதகமண்டலத்தைக் காட்டிலும் கூடலூரே பொருத்தமான இடம் எனலாம்.

நீலகிரிக்கு உரிய பொருள்கள்

தேயிலை: நீலகிரித் தேயிலையில் இருவகை உண்டு. இலையை முறுக்கிப் பதப்படுத்துவது ஆர்த்தோடாக்ஸ் வகை. நறுக்கிக் குருணையாக்குவது சி.டி.சி. வகை. முதல் வகைக்கு 2008இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு கிலோ தேயிலைத் தூள் செய்ய நான்கு கிலோவுக்கும் மேற்பட்ட பசுந்தேயிலை தேவைப்படும். எனவே மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் தூளை ஐயத்துடனேயே நோக்க வேண்டும். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை என்பது சிறு விவசாயிகளின் நெடுநாள் குறையாகும். இதனை முன்னிட்டு 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பகுதியில் உண்ணாநிலைப் போராட்டம் நடைபெற்றது.

சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கான தலைமை இணையம் இண்ட்கோசர்வ் ஆகும். டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் 1976இல் நிறுவப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்க்கு வேலை அளிப்பது இதன் நோக்கமாகும். இவ்விரு அமைப்புகளின் விற்பனை நிலையங்களிலும் தேயிலையை நேரடியாக வாங்கலாம்.

தோடர் பூத்தையல்: வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடர் குலப் பெண்கள் செய்யும் கைவேலையாகும். முன்வரைவு ஏதுமின்றித் துணியின் இழைகளை எண்ணியே தைப்பர். இத்துணியால் ஆன மேற்போர்வை பூத்துக்குளி எனப்படும். தோடரின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ இரண்டாயிரம் என்பதாலும், ஒரு போர்வையை முடிக்கப் பல நாள்கள் ஆவதாலும், இது மலிவாகக் கிடைப்பதற்கு வழியில்லை. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் அச்சிட்ட துணிகளும் பொறியால் தைத்த துணிகளும் இப்பெயரில் விற்கப்படுவதுண்டு. துணியைத் திருப்பி இழைகளைப் பார்த்தால் அச்சிட்டவற்றை எளிதில் அறியலாம்.

தைலம்: 19ஆம் நூற்றாண்டில் ஆத்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட யூக்கலிப்டசு மரத்தின் இலையைக் காய்ச்சி வடித்து எடுக்கப்படுகிறது.

வர்க்கியும் சாக்லேட்டும்: வர்க்கி என்பது மாவைப் பல மடிப்புகளாக மடித்துச் சுட்டெடுக்கும் மொறுமொறுப்பான தின்பண்டமாகும். உள்ளூர் அடுமனைகளில் தேநீருடன் உண்ணப்படுகிறது. கைச்செய் சாக்லேட்டு எடைக்கணக்கில் விற்கப்படுகிறது.

பயணிகள் கவனத்திற்கு

நெகிழிப் பைகளுக்கான தடை நீலகிரியில் 2000களின் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்தது. 2019 சனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் தமிழ்நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டன. ஆகவே பயணிகள் துணிப்பை கொண்டுவருதல் நலம். வெளி மாவட்ட வாகனங்களுக்கான மின்னனுமதிச் சீட்டு முறை, சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது.

தேயிலையில் சாயம் கலந்துள்ளதா என்பதை வீட்டிலேயே அறியலாம். வடிதாளின் மீது சிறிது தூளைப் பரப்பி நீர் தெளித்துச் சற்று நேரங்கழித்துத் தூளை அகற்ற வேண்டும். தாளில் அடர்ந்த கறை படிந்திருந்தால் அத்தூளில் சாயம் கலந்திருக்கலாம். கலப்படமற்ற தூள் மிக மெல்லிய கறையையே விடும்.