வெளிவீதியில் நின்ற தொண்டர்கள்

தொண்டு என்னும் சொல் தமிழரின் சமய வாழ்வில் மிகப் பழையது. உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதிகளைச் செதுக்கிய நாவுக்கரசரையும், திருப்புன்கூரிலே கோயிலுக்கு வெளியே நின்று வணங்கிய திருநாளைப்போவாரையும் ஒரே வரிசையில் வைத்துத் தொண்டர்களென்று போற்றுகிறது பெரியபுராணம். ஆயினும் சைவக் கோயில்களின் உட்பிரகாரத்திலே நந்தனின் சிலைக்குக் கிடைத்த இடம், நந்தனைப் போன்று பிறந்த உயிருள்ள மனிதருக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூறு கடந்தும் நீடித்தது. அதனை மாற்றுவதற்காகப் பதவியையோ பணத்தையோ எதிர்பாராது உழைத்தவர்களின் வரலாறு நமது பாடநூல்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. ஆசிரியரும் மாணவரும் அதனை அறிந்திருத்தல் அவசியமாகும். ஏனெனில் அவ்வரலாற்றின் முதல் அத்தியாயத்தை எழுதியவர்களே மாணவரும் ஆசிரியருமாவர்.

சாதிக்கொடுமை குடாநாட்டிலே எவ்வாறு இயங்கியது என்பதை முதலில் நினைவுகூர்வோம். சுண்ணாம்புக்கல் நிலமாகிய குடாநாட்டில் ஆறுகள் இல்லை, கிணறே உயிர்நாடி. பஞ்சமர் எனப்பட்ட மக்கள் பிறர் கிணற்றில் துலாக்கொடியைத் தொடக் கூடாது. கிணற்றுக்கு அப்பால் குடத்தோடு காத்து நின்று, உயர்சாதியார் ஒருவர் மனமிரங்கி வார்த்தால் மட்டுமே தண்ணீர். தேநீர்க்கடையில் இருக்கை இல்லை. அவர்களுக்கெனத் தனியே வைத்த பாத்திரத்திலேதான் தேநீர். பாடசாலையிற் சேர்த்துக்கொண்டாலும் பிள்ளைக்கு வாங்கில் இடமில்லை, நிலமே இருக்கை. இறந்த பின்னரும் மயானத்தில் வேறுபாடு. கோயிலிலோ வெளிவீதியே எல்லை. நிலமும் கூலியும் எவர் கையில் இருந்தனவோ அவர் கையிலேயே கிணறும் கோயிலும் இருந்தமையால், இவ்வழக்கங்களை மீறியவன் மறுநாள் வேலையையும் குடியிருப்பையும் இழக்கும் நிலையில் இருந்தான். தீண்டாமை வெறும் மனக்குறை அன்று. அது ஒரு பொருளாதார ஏற்பாடு.

1924ஆம் ஆண்டிலே ஹண்டி பேரின்பநாயகமும் அவரோடொத்த இளைஞரும் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸைத் தோற்றுவித்தனர். அதே ஆண்டிலேதான் திருவிதாங்கூரில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமை கோரி வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிய இவ்வமைப்பு தேச விடுதலை, தாய்மொழி, இன ஒற்றுமை ஆகியவற்றோடு தீண்டாமை ஒழிப்பையும் தன் குறிக்கோளாக வரித்துக்கொண்டது. இவர்களுடைய அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். வந்த இடத்தில் தீண்டாமை குறித்தும் பேசினார். காந்தியாருக்கு மாலையிட்டு வரவேற்ற பெரியவர்களிலே பலர், மறுநாள் தம் கோயிற் கதவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இளைஞர்களோ அவ்வாறு வாளாவிருக்கவில்லை.

அவர்களுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற கட்டளை நடைமுறைக்கு வரலாயிற்று. ஒரே வாங்கில் இரண்டு பிள்ளைகள் அருகருகே இருப்பது எத்துணைச் சிறிய செயல்! அதற்கே குடாநாடு கொந்தளித்தது. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தனர். கட்டளையை மீளப்பெறுமாறு விண்ணப்பம் எழுதினர். சில இடங்களில் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். இவ்வெதிர்ப்பின் நடுவிலும் வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தை ஆதரித்து நின்றது. வாங்கிலே அமர்த்திய பிள்ளையை மீண்டும் நிலத்துக்கு இறக்காமல் காத்தவர்கள் வகுப்பறையிலே நின்ற ஆசிரியர்கள். கொழும்பிலிருந்து வந்த கட்டளை அவர்களது உறுதியினாலேதான் கிராமத்திலே உயிர்பெற்றது.

ஆயினும் இவ்வியக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1931ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்ததன் பின்னர் வாலிபர் காங்கிரஸின் செல்வாக்குப் படிப்படியாகத் தளர்ந்தது. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. படித்த உயர்சாதி இளைஞரின் நல்லெண்ணமே அதன் பெரும்பலமாக இருந்தது. ஒடுக்கப்பட்டோர் அங்கே தொண்டுக்கு உரியவர்களாக இருந்தனரேயன்றி, தொண்டை வழிநடத்துவோராக இருக்கவில்லை.

அந்தக் குறையை ஒடுக்கப்பட்ட மக்களே தீர்த்துக்கொண்டனர். யோவேல் போல் முதலியோரின் முயற்சியால் அவர்களிடையே சங்கங்கள் தோன்றின. நாற்பதுகளில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை வலுப்பெற்றது. இக்காலத்தில் இவர்கள் கேட்ட உரிமைகள் எவை? பிணத்தை எரிக்கும் உரிமையும் அவற்றுள் ஒன்று. 1944ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வில்லூன்றி மயானத்தில் தம்மவரின் உடலைத் தகனம் செய்ய முயன்றவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து ஓர் உயிர் பலியாயிற்று. சமய முறைப்படி ஈமக்கடன் செய்வது மத சுதந்திரத்தின் முதற்படி அன்றோ? அதற்கே உயிர் கொடுக்கவேண்டியிருந்தது.

மகாசபையின் தொண்டர்கள் ஊருக்கு ஊர் கிளைகள் அமைத்தனர், பாடசாலைகள் கேட்டனர், சோல்பரி ஆணைக்குழுவின் முன் தம் மக்களின் குறைகளை எடுத்துரைத்தனர். ஐம்பதுகளில் எம். சி. சுப்பிரமணியம் முதலியோர் முன்னின்று உழைக்க, யாழ்ப்பாண நகரத்துத் தேநீர்க்கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்பட்டன. 1956ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்பட நகரையடுத்த பெருங்கோயில்கள் சிலவற்றின் கதவுகள் அனைவருக்கும் திறந்தன. அங்கே வானம் இடிந்து விழவில்லை, பூசையும் நிற்கவில்லை, திருவிழாவிற் கூட்டமும் குறையவில்லை. கதவைத் திறந்தால் சமயம் அழிந்துவிடும் என்றவர்களுக்கு நல்லூரே பதிலாயிற்று.

1957ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலை, கடை, பொதுக்கிணறு, பொதுமக்கள் செல்லும் வழிபாட்டிடம் முதலியவற்றிலிருந்து தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சட்டம் வந்தது, சமத்துவம் வந்ததா? கிராமத்துக் கிணற்றடியில் எதுவும் மாறவில்லை. தடுக்கப்பட்டவன் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறையிடவேண்டும்; சாட்சி தேடவேண்டும்; வழக்கு முடியும்வரை, எவனுக்கு எதிராக முறையிட்டானோ அவனுடைய நிலத்திலேயே கூலி வேலை செய்யவேண்டும்.

கோயிலைப் பொறுத்தவரை இன்னுமொரு தடை இருந்தது. திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டிலே மகாராசாவின் ஒரு பிரகடனத்தால் அரசின் ஆளுகையிலிருந்த கோயில்கள் திறந்தன. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939ஆம் ஆண்டு வைத்தியநாத ஐயரும் தொண்டர்களும் ஆலயப் பிரவேசம் செய்தபோது சென்னை அரசாங்கம் சட்டமியற்றி அவர்களுக்குத் துணைநின்றது. யாழ்ப்பாணத்திலோ கோயில்களிற் பெரும்பாலானவை பரம்பரைக் குருக்கள் குடும்பங்களின் அல்லது தர்மகர்த்தாக்களின் ஆட்சியில் இருப்பவை. ஒரே கையெழுத்தில் அனைத்தையும் திறக்கவல்ல அதிகாரம் எவரிடமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியே போராடவேண்டியதாயிற்று. அதற்குத் தொண்டர்கள் தேவைப்பட்டனர்.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, பொதுவுடைமைக் கட்சியின் சீனச் சார்பு அணியினரது முன்முயற்சியால், தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் ஒன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகர் நோக்கிப் புறப்பட்டது. பொலிசார் தடியடி நடத்தினர். அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாகி, எஸ். ரி. என். நாகரத்தினம் அதன் தலைவரானார். சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் எனத் தேநீர்க்கடைகளில் நுழையும் போராட்டம் பரவியது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிகள் வெடித்தன, சங்கானைப் பகுதியிலே உயிர்கள் பலியாயின. மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிலும் வழிபாட்டுரிமைக்காக மக்கள் திரண்டனர்.

1968 யூன், யூலை மாதங்களில், காங்கேசன்துறையை அடுத்த மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. திருவிழாக் காலத்திலே தொண்டர்கள் கோயில் வாசலில் அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். அவர்களை மறித்தோருக்குத் தலைமை தாங்கியவர் யார்? கல்வியறிவற்ற ஒரு கிராமவாசி அல்லர். கணிதப் பேராசிரியரும் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவருமாகிய சி. சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கல்வி தானாகவே சாதியை ஒழித்துவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து சிந்திக்கவேண்டும்.

மாவிட்டபுரத்து வாசலில் மோதிய கருத்துக்கள் இன்றும் ஆராயத்தக்கவை. மரபைக் காப்பதே எங்கள் மத சுதந்திரம் என்றனர் மறித்தோர். மதச் சுதந்திர அனுட்டானத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதனையும் நாடாளுமன்றம் இயற்றலாகாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. அரசாங்கத்தினிடமிருந்து ஒரு சமூகத்தைக் காக்கும் அவ்வேலி மிகவும் தேவையானதே. ஆனால் அந்தச் சமூகத்துக்குள்ளேயே ஒருவன் தன் தெய்வத்தின் முன் நிற்பதைத் தன் அயலவனே தடுக்கும்போது, மத சுதந்திரம் எவன் பக்கம் நிற்கிறது? உள்ளே இருப்பவனின் சுதந்திரம் வெளியே நிற்பவனின் அடிமைத்தனத்தினால் ஆக்கப்பட்டதாயின், அதற்குச் சுதந்திரம் என்று பெயரில்லை, அது சலுகை.

இரண்டாவது வாதம் தேசியத்தின் பெயரால் எழுந்தது. சிங்களம் மட்டும் சட்டம் தமிழினத்தை நெருக்கும் வேளையில் சாதிப் பிரச்சினையைக் கிளப்புவது ஒற்றுமையைக் குலைக்கும் என்றனர். ஆனால் 1961இல் மொழியுரிமைக்காக யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் நடந்தபோது, தமிழர் என்ற முறையில் யாவரும் வேண்டப்பட்டனர். கச்சேரி வாசலிலே அருகருகே அமரலாம். கந்தன் வாசலிலே அமரலாகாது என்பது எவ்வகை ஒற்றுமை? ஒற்றுமையைக் குலைத்தது வாசலிற் கேட்ட குரலன்று; வாசலை அடைத்த பூட்டே.

மூன்றாவது வாதம் நம் அணிக்குள்ளேயே எழுந்தது. கடவுளை நம்பாத இடதுசாரிக்குக் கோயிற் கதவிலே என்ன வேலை என்று சிலர் நகைத்தனர். கோயிலுக்குப் போவதா விடுவதா என்பதை ஒவ்வொரு மனிதனும் தானே தீர்மானிக்கவேண்டும். அவனுக்காக அவனது சாதி தீர்மானிக்கக் கூடாது. உள்ளே நுழையும் உரிமையற்றவன், நுழைய மறுக்கும் உரிமையையும் உடையவனல்லன். இவ்வுண்மையை உணர்ந்தமையாலேதான் நம்பிக்கையுள்ள பக்தரும் நம்பிக்கையற்ற பொதுவுடைமையாளரும் ஒரே வெயிலில் ஒன்றாக நின்றனர்.

எழுத்தாளரும் இத்தொண்டிலே பின்னிற்கவில்லை. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை மேடையேற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972இல் வெளிவந்தது. ஜீவாவும் டானியலும் ஒடுக்குமுறையைத் தம் வாழ்வில் அனுபவித்தவர்கள். 1970ஆம் ஆண்டிலே எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு 1957ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. சட்டம் தொண்டருக்கு வழிகாட்டியது என்பதிலும், தொண்டரின் பின்னே சட்டம் நடந்துவந்தது என்பதே பொருந்தும்.

இவ்வரலாறு முடிந்துவிட்டதா? பின்னர் வந்த நீண்ட போர்க்காலத்தில் சாதி பற்றிய பேச்சு அடங்கியது, சாதி அடங்கவில்லை. 2018ஆம் ஆண்டிலே தென்மராட்சியில் ஒரு கோயிலின் தேரை, எல்லாச் சாதியாரும் வடம்பிடிப்பதை விரும்பாமல், மண் அள்ளும் இயந்திரத்தைக் கட்டி இழுத்ததாகச் செய்தி வெளிவந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது நமது பழமொழி. ஊரைக் கூட்டுவதிலும் இயந்திரத்தைக் கூட்டுவது மேல் என்று கருதும் மனம் இன்னும் இருக்கிறதென்றால், வெளிவீதியில் நின்ற தொண்டர்களின் வேலையும் இன்னும் இருக்கிறது.

அந்த வேலை பெரிய மேடைகளிலே தொடங்குவதன்று. வகுப்பறை வாங்கிலும், ஊர்க் கிணற்றடியிலும், சனசமூக நிலையத்திலும், கோயில் நிருவாக சபைக் கூட்டத்திலும் தொடங்குவது. 1924இல் மாணவர் சிலர் தொடங்கிய அந்தப் பணியை ஏற்று நடத்தும் கடமை இன்றைய மாணவருக்கும் ஆசிரியருக்கும் உரியது.