களப்பு ஒன்று, கோப்புகள் பல: புத்தளத்தில் காலநிலை இசைவாக்கத்தின் நிர்வாக வரலாறு

பாத்தியில் படிந்த உப்பைக் கரைக்க ஒரு நாள் மழை போதும். நீர்த்துப்போன உவர்நீர் மறுபடி செறிவேற வாரக்கணக்கில் வெயில் அடிக்க வேண்டும். 2025இல் பருவம் தவறிப் பெய்த மழையால் புத்தளம் உப்பளங்களின் விளைச்சல் குலைந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு தருவிக்க நேர்ந்தது.

இந்த இழப்பை எந்தத் துறையின் கணக்கில் எழுதுவது? தேசிய இசைவாக்கத் திட்டம் (2016–2025) பாதிப்புக்குள்ளாகும் துறைகளை ஒன்பதாக வகுத்தது. அதில் உப்பு கைத்தொழிலிலும், மீன்பிடி உணவுப் பாதுகாப்பிலும், கண்டற்காடு உயிர்ப்பல்வகைமையிலும் என்று வெவ்வேறு இடங்களில் சேரும். மூன்றுக்கும் நீர் வருவது ஒரே களப்பிலிருந்து.

இலங்கையில் இவ்வகைத் திட்டமிடலின் வரலாற்றை 2008இல் அமைந்த காலநிலை மாற்றச் செயலகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். தேசிய அபிவிருத்தித் திட்டமிடலோடு இசைவாக்கத்தைப் பிணைக்க வேண்டும் என்று 2011–2016 மூலோபாயம் சொன்னது. 2012இல் தேசியக் கொள்கை வந்தது. இது கொழும்பிலிருந்து பார்த்த வரலாறு. புத்தளத்தில் தொடக்கத்தை இன்னும் பின்னே தேட வேண்டும்.

1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் தரைப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக்கியது. களப்புகளில் கடல்வாயிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் மட்டுமே அதற்குள் அடங்கியது. ஆகவே புத்தளம் களப்பின் பெரும்பகுதி வெளியே நின்றது. கடலோடு இணைந்த நீர்நிலைகளின் ஓரத்தில் 100 மீற்றரைச் சேர்க்க 2011ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் வழி அமைந்த வடமேல் மாகாண சபை, 1990இல் தனக்கென ஒரு சுற்றாடல் நியதிச்சட்டத்தை இயற்றி, தனி அதிகார சபையையும் நிறுவியது. வேறெந்த மாகாணமும் அன்று துணியாத வேலை அது. ஆனாலும் கரை, காணி, நீருயிரின வளர்ப்பு ஆகியவற்றின் அதிகாரங்கள் வெவ்வேறு கைகளிலேயே இருந்தன.

அந்த இடைவெளியில் வளர்ந்தது இறால். 1980களில் சிலாபம் முதல் புத்தளம் வரை கண்டலை வெட்டியும் உவர்நிலத்தைத் தோண்டியும் பண்ணைகள் எழுந்தன, அனுமதியில்லாதவையும் நிறைய. பல பண்ணைகள் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை இறைத்து, கழிவை அதே கால்வாயில் விட்டன. ஒருவர் வெளியேற்றியதைத்தான் அடுத்தவர் உள்ளே எடுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பரவலைத் தடுக்க வழியில்லாமல் போனது; கைவிடப்பட்ட குளங்கள் இன்றும் கரையெங்கும் கிடக்கின்றன. அதன் பின்னரே நீர்வழியை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம் என்று முறை வைக்கும் வளர்ப்பு அட்டவணை நடைமுறைக்கு வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு இது. காலநிலையை எண்ணி இதை யாரும் வகுக்கவில்லை. இருந்தும், நிர்வாக எல்லையை விட்டு நீரின் எல்லையைப் பின்பற்றிய முறை என்பதால், பின்னாளில் வந்த பல ஆவணங்களைவிட இதையே நான் முன்னோடியாகக் கருதுகிறேன்.

அதே தர்க்கத்துக்கு நெருங்கி வருவது உள்நாட்டில் தொடங்கிய ஒரு திட்டம். உலர் வலயக் குளத்தொடர்களைச் சீரமைக்க 2016இல் பசுமைக் காலநிலை நிதியம் சுமார் 3.8 கோடி டொலரை அங்கீகரித்தது. அதில் உள்ளடங்கிய மூன்று வடிநிலங்களில் ஒன்றான மீ ஓயா, புத்தளம் களப்பில் கலக்கிறது. மேலே குளங்களில் நீர் தேங்கினால் உழவருக்கு நன்மை. கீழே நன்னீர் வரத்து குறைந்தால் களப்பின் உப்புச்செறிவு ஏறும்; அது உப்பளத்துக்கு உகந்தது, கண்டலுக்கும் மீன்குஞ்சுக்கும் உகந்ததல்ல. ஒருவரின் இசைவாக்கம் இன்னொருவரின் இடராகலாம். இதைப் பேசித் தீர்க்க மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. ஆனால் அதன் மேசைக்குத் திட்டங்கள் துறைவாரியாகவே வந்து சேர்கின்றன. சுற்றாடல் சட்டத்தை முதலில் இயற்றிய மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 அக்டோபரில் முடிந்தது. அடுத்த பல ஆண்டுகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை.

2016இல் தொடங்கிய தேசியத் திட்டம் 2025 வரைக்குமானது. அடுத்ததை வரைபவர்கள் துறைகளுக்கு அத்தியாயம் பிரிக்கும் முன், மீ ஓயாவின் குளங்களிலிருந்து களப்பின் கடல்வாய் வரை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.