இளஞ்சிப்பியும் இளந்தொழிலாளியும்

மன்னார்த் தீவைக் கடந்து பெருநிலக் கரையோரமாகத் தெற்கே சென்றால் அரிப்பு என்னும் ஊர் வருகின்றது. அங்கே கடலோர மேட்டில் ஒரு மாளிகையின் இடிபாடு நிற்கின்றது. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநரான பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்குவதற்கென 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிற் கட்டுவித்த மாளிகை அது. மாணவர்களை அங்கு அழைத்துச் சென்ற ஒரு நாள், ஆளுநரின் பெயரையும் ஆட்சிக் காலத்தையும் வழமைபோற் சொல்லி முடித்தேன். பின்னால் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், முத்துக் குளிக்க அந்த ஆட்களுக்கு யார் பழக்கிக் கொடுத்தது?”

என்னிடம் உடனே மறுமொழி இருக்கவில்லை. முத்தின் விலையை வரலாறு எழுதியிருக்கின்றது. அதைச் சூடிய அரசியரின் பெயர்களையும் எழுதியிருக்கின்றது. ஆனால் முதன்முறை கடலில் இறங்கிய இளைஞனுக்கு மூச்சடக்கக் கற்பித்தவன் யார் என்பதை அது எழுதவில்லை. தொழிலாளி எப்போதும் தொழில் தெரிந்தவனாகவே வரலாற்றினுள் நுழைகின்றான். அவன் தெரிந்துகொண்ட காலமும், தெரியவைத்தவரின் உழைப்பும் கணக்கில் வருவதில்லை. அந்த விடுபட்ட கணக்கையே இக்கட்டுரை தேட முயல்கின்றது.

முதலில் அக்காலத்துப் படகினுள் எட்டிப் பார்ப்போம். கொழும்பிலே படையினரின் குருவானவராகவும் பள்ளிகளின் தலைவராகவும் இருந்த ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் முத்துக்குளிப்புப் படகொன்றின் ஆட்கணக்கைத் தருகின்றார். படகை நடத்தும் தண்டல் ஒருவர். குளிகாரர் 10 பேர். படகைச் செலுத்தவும் குளிகாரருக்குத் துணை நிற்கவும் வேறு 13 பேர். கற்கள் 5 மட்டுமே. கல்லொன்றுக்கு இருவர், ஒருவன் இறங்கும்போது மற்றவன் ஓய்ந்திருப்பான். நள்ளிரவையொட்டி, கரையிலிருந்து வீசும் காற்றைத் துணைகொண்டு படகுகள் புறப்படும். பொழுது விடியும் வேளை பார்களை அடையும். நண்பகலில் வெடியோசை கேட்டதும் குளிப்பு நின்று, கடற்காற்றோடு அவை கரை திரும்பும்.

ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீர். கல்லோடு பிணைத்த கயிற்று வளையத்திலே காலை ஊன்றி, மூச்சை இழுத்து, மூக்கைக் கையாற் பொத்திக்கொண்டு குளிகாரன் இறங்குவான். அடித்தளத்தை அடைந்ததும் கல்லை விட்டு விலகுவான். மேலே நிற்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் குறைந்த அல்லது கூடிய அந்த நேரத்துள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைக்கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பான். அந்த அசைவுக்காகவே மேலே ஒருவர் காத்திருப்பார். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இவ்வாறு இறங்கி ஏறினர் என்றும், சிலருக்கு மூக்கிலும் செவியிலும் குருதி கசிந்தது என்றும் அக்காலத்தோர் எழுதியுள்ளனர்.

இத்தகைய தொழிலை ஒருவன் பார்த்த மாத்திரத்திற் கற்றுக்கொள்ள முடியுமா? முடியாது. இங்கேதான் வரலாற்றில் ஒரு புதிர் எழுகின்றது.

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்த ஒன்றன்று. பார்களிலே முதிர்ந்த சிப்பி இருந்தால் மட்டுமே அரசு குளிப்பை அறிவிக்கும். 1838 முதல் 1854 வரை பதினேழு ஆண்டுகள் குளிப்பே நடைபெறவில்லை. 1891ஆம் ஆண்டுக் குளிப்பின் பின்னர் மீண்டும் 1903 வரை பார்கள் வெறுமையாய்க் கிடந்தன. ஆயினும் 1905ஆம் ஆண்டின் பெருங்குளிப்பிலே 300க்கு மேற்பட்ட படகுகளில் ஏறத்தாழ 5,000 குளிகாரர் இறங்கினர். 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. பத்தாண்டுக்கு மேலாக மூடிக் கிடந்த ஒரு தொழிலுக்கு, அழைத்த மாத்திரத்தே தேர்ந்த கைகள் ஆயிரக்கணக்கில் எங்கிருந்து வந்தன?

அவர்களுள் ஒரு பகுதியினர் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர். அங்கே முத்துக்குளிப்பு அவர்களின் அன்றாடத் தொழில். மறுபகுதியினர் கீழக்கரை, தூத்துக்குடி, தொண்டி, இராமேசுவரம் முதலிய கரைகளின் தமிழர். கிறித்தவரும் இசுலாமியருமான கடலோடிகள். மலையாளக் கரையிலிருந்தும் பலர் வந்தனர். முத்து இல்லாத ஆண்டுகளிலே தமிழ்க் கரையின் குளிகாரர் சங்கு குளித்தனர். சங்குக் குளிப்பே அவர்களின் பயிற்சிக் கூடம். தந்தையோடும் தமையனோடும் சென்ற இளைஞன் அங்கே நீரின் அழுத்தத்தைச் செவியால் அறிந்தான்; நீரோட்டத்தின் போக்கைத் தோளால் அறிந்தான்; எப்போது கயிற்றை அசைக்க வேண்டும் என்பதை நெஞ்சால் அறிந்தான். அரசின் குறிப்பேடுகளிலே ‘குளிப்பு இல்லை’ என்று பதிந்துள்ள ஆண்டுகள் யாவும் உண்மையில் கல்வி நடைபெற்ற ஆண்டுகளே. அந்தக் கல்வியின் செலவைக் குடும்பங்கள் சுமந்தன. அதன் விளைச்சலை அரசு அறுவடை செய்தது.

படகில் கயிறு பிடித்து நின்றவரைப் பற்றி இன்னொரு செய்தியையும் நினைக்க வேண்டும். குளிப்பவனின் கயிற்றை அவன் மைத்துனனே பிடிப்பான் என்று நம் கரைகளிற் சொல்வார்கள். தன் தங்கையின் தாலிக்குக் கேடு நேர அவன் விடமாட்டான் என்பது அதன் கருத்து. இச்செய்தி எல்லாப் படகுக்கும் பொருந்துமோ அன்றோ, அதனுள் ஓர் ஆழ்ந்த அறிவு இருக்கின்றது. கீழே இறங்குபவனின் உயிரிலே தனக்கும் பங்குடைய ஒருவன்தான் மேலே நிற்கத் தக்கவன் என்பதே அந்த அறிவு.

அதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. கயிறு பிடித்தவர் நீரில் இறங்கவில்லை. ஒரு சிப்பியையேனும் எடுக்கவில்லை. ஆயினும் அவருக்குப் பங்கு உண்டு. துணை நிற்பதும் உழைப்பே என்பதை அந்தப் படகு ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் பங்கு எங்கிருந்து வந்தது?

கரை சேர்ந்த சிப்பிகள் ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைத்த களத்துக்குச் செல்லும். அங்கே குளிகாரர் அவற்றை மூன்று குவியல்களாகப் பிரிப்பர். அவற்றுள் இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும். எஞ்சிய ஒன்றே உழைத்தவர்க்கு. படகுக்கும் கயிறு பிடித்தவர்க்கும் உரிய பங்கு அந்த மூன்றில் ஒன்றிலிருந்தே சென்றது. அரசின் மூன்றில் இரண்டு தொடப்படவில்லை. ஆயினும் சுறாக்களின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொன்ன ‘கடல்கட்டி’க்கு அரசினரே ஊதியமளித்தனர். அவர் இல்லாவிடின் குளிகாரர் கடலில் இறங்க அஞ்சினர் என்பதே காரணம். அச்சத்தைப் போக்கும் மந்திரத்துக்கு அரசிடம் பணமிருந்தது. உயிரைக் காக்கும் கயிற்றுக்கு இல்லை.

1906இல் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற குளிப்பிலே, அந்தக் கொட்டினுள் ஓர் ஆங்கிலேய இளைஞர் பணியாற்றினார். பெயர் லெனார்ட் வூல்ஃப். வயது 25. இலங்கைச் சிவில் சேவையிற் பயிலுநராகத் தெரிவுபெற்று, 1904 டிசம்பரில் இத்தீவுக்கு வந்து, யாழ்ப்பாணக் கச்சேரியில் அமர்த்தப்பட்டவர் அவர். அந்நாட்டம் அவருக்குப் புதிது, மொழியும் புதிது, ஆட்சித் தொழிலும் புதிது. எனினும் தெரியாதவர் என்பதற்காக அவருடைய ஊதியம் நிறுத்தப்படவில்லை. மொழித் தேர்வுக்கும் சட்டத் தேர்வுக்கும் ஆயத்தம் செய்ய அவருக்குக் காலமிருந்தது. மூத்த அலுவலர் மேலே இருந்தனர். கோப்புகளின் வழியறிந்த எழுதுவினைஞர் பக்கத்தில் இருந்தனர். அவர் பின்னர் 1912இற் பதவியைத் துறந்து, பேரரசுகளைக் கண்டித்தெழுதிய நேர்மையாளர். 1961இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் இந்தக் குளிப்பைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். எனவே தனிமனிதரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாம் காண்பது ஓர் அமைப்பின் இரு முகங்களை. ஒரே களத்திலே இரண்டு இளைஞர்கள் தொழிலுக்குப் புதியவர்களாக நிற்கின்றனர். ஒருவர் கற்கும் காலத்துக்கு அரசு பொறுப்பேற்றது. மற்றவன் கற்கும் காலத்துக்கு அவன் தந்தை பொறுப்பேற்றான்.

ஆட்சியாளருக்கு இளமையைப் பேணத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சிப்பிகள் ஏன் அழிகின்றன என்று ஆராய்வதற்கு லிவர்பூலின் விலங்கியற் பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டு 1902இல் வந்தார். ஜேம்ஸ் ஹோர்னல் அவருக்குத் துணையாக வந்தார். கரையிலிருந்து வெகு தொலைவிலுள்ள பெரிய பாரை அவர்கள் ஆராய்ந்தனர். இப்பகுதி மக்கள் அதனைத் ‘தாய்ப்பார்’ எனக் கருதி வந்தனர். ஏனைய பார்களுக்குச் சிப்பி அங்கிருந்தே வருகின்றதென்பது அவர்களின் நம்பிக்கை. ஹெர்ட்மன் கண்டதோ வேறு. அங்கே இளஞ்சிப்பிகள் எண்ணிறந்தனவாகத் தோன்றுகின்றன. ஆனால் முதிருமுன்னரே தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் கடற்கொந்தளிப்பு அவற்றை வாரிச் சென்றுவிடுகின்றது. 1902 மார்ச்சில் நிறைந்து கிடந்த இளஞ்சிப்பிகள் அவ்வாண்டு நவம்பரில் அங்கில்லை. அவற்றைக் கொந்தளிப்பு வருமுன் பெயர்த்தெடுத்து, பாதுகாப்பான பார்களில் இட்டு வளர்க்க வேண்டுமென்று அவர் பரிந்துரைத்தார். அவருடைய அறிக்கையை இலண்டன் ரோயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது.

சிறந்த ஆய்வு அது; அறிவியலுக்கு நாம் தலைவணங்குவோம். தோன்றுவது மட்டும் போதாது, முதிர்வதற்கு இடமும் காலமும் காவலும் வேண்டும் என்பதை அது சிப்பியின் வாழ்விலே நிறுவிக் காட்டிற்று. அதே விதியை மனிதனுக்குப் பொருத்திப் பார்க்க மட்டும் அந்த ஆட்சிக்கு மனம் வரவில்லை.

1906இல் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டன் முதலாளிகளின் நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆண்டுக்குத் தொகை 3,10,000 ரூபாய். பேராசை வெகுநாள் நீடிக்கவில்லை. 1907க்குப் பின் பார்கள் மீண்டும் வெறுமையாயின. குத்தகை முழுக்காலமும் ஓடாமலே நிறுவனம் மறைந்தது. 1925இல் ஒருமுறை குளிப்பு நடந்தது. மன்னார்க் கரையின் பெருங்குளிப்பு அத்தோடு வரலாறாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பழைய படகை நாம் பொற்காலமாகக் காணலாகாது. அந்தப் பள்ளியின் கதவு பிறப்பால் மட்டுமே திறந்தது. கடற்கரையிற் பிறந்தவன் கடலுக்கு உரியவன். அவனுக்கு ஏடு எதற்கு என்ற சமுதாயக் கொடுமையும் அதனுள் இருந்தது. உறவு காத்தது, உறவே கட்டிவைக்கவும் செய்தது. ஆகவே நாம் மீட்க வேண்டியது மைத்துனனை அன்று. மைத்துனன் ஆற்றிய கடமையை. அதனை உறவின் கையிலிருந்து உரிமையின் கைக்கு மாற்றுவதே நம் காலத்தின் பணி.

சட்டம் இதனை முற்றாக மறக்கவில்லை. இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம், தொழில் கற்கும் இளைஞனைப் பயிலுநர் என்று சட்டத்தின் கண்முன் நிறுத்தியது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால் சட்டத்தின் பெயரேடு எட்டாத இடங்கள் எத்தனை! இன்றும் வடகடலிலே காற்றுக் கலன்களைச் சுமந்து சங்கும் கடலட்டையும் எடுக்க இளைஞர் இறங்குகின்றனர். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வந்தால் குருதியிலே நைதரசன் வாயு குமிழிகளாகி உடலை முடக்கிவிடும். படிப்படியாக ஏற வேண்டும் என்பது ஒரு சிறு பாடம். ஆனால் அதனைக் கற்பிக்க ஒருவர் வேண்டும். கருவி புதிதாகிவிட்டது; கயிறு பிடிப்பவர் காணாமற் போய்விட்டார்.

கடலில் மட்டுமா? சாதாரண தரம், உயர்தரம் கற்று வெளியேறும் நம் மாணவர் கடைக்கும் அலுவலகத்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்கின்றனர். ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரிலே முழு வேலையும் அரைச் சம்பளமும் கொடுத்து, கற்பிப்பார் எவருமின்றி விடும் முதலாளிகளை நாம் அறிவோம். பழக்கிக் கொடுக்கும் மூத்த தொழிலாளியோ தன் வேலையையும் குறைவின்றி முடித்து, எஞ்சிய நேரத்தில் அதனைச் செய்கின்றார். அவர் உழைப்புக்குப் பங்கு இல்லை.

ஆசிரியர்களாகிய நாம் சான்றிதழோடு நம் கடமை தீர்ந்தது எனக் கருதலாகாது. வேலைக்குச் செல்லும் மாணவனுக்கு மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றுக் கொடுப்போம். என் கயிற்றைப் பிடிப்பவர் யார்? அவருக்கு அதற்கெனப் பங்கு உண்டா? நான் இளைத்து மேலே வரும்போது, என் கல்லில் இறங்க இன்னொருவன் இருக்கின்றானா? இம்மூன்றையும் அந்தப் பழைய படகு தன்னால் இயன்ற அளவில் விடுத்திருந்தது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்கு அடுத்த வரியிலே இவை இடம்பெறல் வேண்டும். கற்கும் காலத்தின் செலவை ஏழைக் குடும்பத்தின் மூன்றில் ஒன்றிலிருந்து எடுப்பதை விடுத்து, பயன்பெறுவோரின் மூன்றில் இரண்டிலிருந்து எடுக்க வேண்டும்.

அரிப்பிலே கேட்ட மாணவனுக்கு இப்போது மறுமொழி சொல்வேன்: பழக்கிக் கொடுத்தவர்கள் உன் ஊரவர், தம்பி. அவர்களுக்கு மாளிகை இல்லை, இடிபாடும் இல்லை. நீ வேலைக்குப் போகும் நாளில் உனக்குப் பழக்கிக் கொடுப்பவரின் பெயரைக் கேட்டு எழுதிவை. நாளை நீ மூத்தவனாகும்போது, புதிதாக வருபவனின் கயிற்றை நீ பிடி.