பள்ளி அறியாத மேஸ்திரியும் ஒரு தமிழாசிரியரும்

திருக்குறளில் தெரிந்துவினையாடல் என்றோர் அதிகாரம் உண்டு. எவரை எப்பணியில் அமர்த்துவது என்பது அரசனுக்குச் சொல்லப்படுகிறது அங்கே. அரசும் இல்லை, ஊதியமும் இல்லை என்ற ஓரிடத்தில் அக்காரியம் எப்படி நடந்திருக்கும்? இக்கேள்விக்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று ரமணாசிரமம். 1922இல் தாயார் அழகம்மாள் மறைந்தபின் அவர் சமாதியருகே ரமணர் மலையிலிருந்து இறங்கி வந்து தங்கினார். ஆசிரமம் அங்கே வளர்ந்தது. வந்தவர்கள் வேலை தேடி வந்தவர்கள் அல்லர். பார்த்த வேலையை உதறிவிட்டுத் தியானம் செய்ய வந்தவர்கள். அவர்களிடம் செங்கல்லையும் கரண்டியையும் கொடுப்பது எளிய செயலா?

1928இல் வந்த அண்ணாமலை சுவாமியை எடுத்துக்கொள்வோம். மகன் படித்தால் துறவியாகிவிடுவான் என்ற சோதிடத்துக்கு அஞ்சித் தந்தை அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. படிக்காமலேயே அவர் துறவியானார் என்பது வேறு. சிலகாலம் ரமணருக்கு அருகிருந்து பணிவிடை செய்த அவர் பின்னர் கட்டட வேலைகளைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தார். ரமணர் வேண்டியதைக் காகிதத்தில் கோடிட்டுக் காட்டுவார். இவர் கொத்தர்களை வைத்து முடித்து, அன்றன்று நடந்ததைப் போய்ச் சொல்வார். இப்படிப் பத்தாண்டுகள்.

கோசாலை கட்டியபோது சிக்கல் வந்தது. நிர்வாகியும் ரமணரின் தம்பியுமான சின்னசுவாமி சிறிய கொட்டகை போதும் என்றார். ரமணரோ பெரிதாகவே கட்டச் சொல்லி, அது தம் கட்டளை என்பதை வெளியிட வேண்டாம் என்றும் சொன்னதாக அண்ணாமலை சுவாமியின் நினைவுகள் கூறுகின்றன. ஏச்செல்லாம் மேஸ்திரி தலையில். இது அத்தனை நியாயமாக நமக்குப் படவில்லை. சின்னசுவாமியையும் குறைசொல்ல இயலாது. நாளும் பெருகிய கூட்டத்துக்குச் சோறிடக் காசை எண்ணியாக வேண்டியவர் அவர்தான்.

தேர்வு எப்போதும் மேலிருந்தே நிகழவில்லை என்பதுதான் நம்மை அதிகம் ஈர்க்கிறது. 1923இல் வந்த முருகனார் தமிழாசிரியர், கவிஞர். சிவன் திருவிளையாடல்களை உந்தியாராகப் பாடிவந்தவர், தாருகாவன முனிவர்க்குச் சிவன் உபதேசிக்கும் கட்டத்தில் நிறுத்திவிட்டார். அதைச் சொல்லத் தகுந்தவர் தாமல்லர் என்று கருதி ரமணரையே பாடும்படி வேண்டினார். 1927இல் முப்பது பாடல்கள் பிறந்தன. அதுவே உபதேச உந்தியார். தேர்ந்த புலவர் ஒருவர் தம் நூலின் உயிரான பகுதியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது அரிது. மறு ஆண்டும் அவ்வாறே: சிதறிக் கிடந்த ரமணரின் தனிவெண்பாக்களைத் திரட்டி நாற்பதாக்கித் தரக் கேட்டார். கேட்டதோடு விடவில்லை, வரிசைப்படுத்துவதிலும் உடனிருந்தார். பழைய வெண்பாக்களில் பெரும்பாலானவை அனுபந்தத்துக்குப் போய்விட, புதிதாக எழுந்தது உள்ளது நாற்பது. கேட்கத் தெரிந்த ஒருவர் இல்லையெனில் தாமாக முன்வந்து எழுதும் வழக்கம் ரமணருக்கு மிகக் குறைவு. இங்கே ஆளறிந்து பணி தந்தவர் சீடரே. ரமணர் வாய்மொழிகளை முருகனார் வெண்பாக்களாக்கிய குருவாசகக் கோவை 1939இல் அச்சேறியது.

அதே 1939இல் தாயார் சமாதிமீது கற்கோயில் எழும்பத் தொடங்கியது. சிற்பநூல் வழிப்பட்ட அவ்வேலைக்கு வைத்தியநாத ஸ்தபதி வந்தார். 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. சுதையும் செங்கல்லும் ஒரு கை, கருங்கல் வேறு கை.

அண்ணாமலை சுவாமி அப்போது ஆசிரமப் பணியில் இல்லை. 1938இல் வேலையை விட்டு, அடுத்திருந்த பலாக்கொத்துக்குப் போய்த் தனித்துத் தியானம் செய்ய விரும்பினார். வேலை தெரிந்த ஆளை எந்த நிர்வாகமும் எளிதில் விடாது. ரமணர் தடுக்கவில்லை. பலாக்கொத்தில் தமக்கென ஒரு சிறு குடிலைக் கட்டிக்கொண்டு, 1995இல் மறையும்வரை அண்ணாமலை சுவாமி அங்கேயே இருந்தார்.