சாரல் நாட்டில் நூலுக்கு ஒரு கூரை

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாயின் வழியே நுழைந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலாகத் தூவும் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில், நூல்களுக்கு இடம் ஒதுக்கும் வேலை ஈரத்துக்கு அஞ்சியே நடந்துவந்திருக்கிறது. ஏட்டுக்கும் தாளுக்கும் உலர்ந்த, மூடிய இடம் வேண்டும்; படிப்பவருக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். இவ்விரு தேவைகளுள் எதற்கு முதலிடம் தரப்பட்டது என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது.

அச்சு வருவதற்கு முன்பு பாதுகாப்பே முதலிடம் பெற்றது. சிதம்பரம் கோயிலில் 'சரஸ்வதி பண்டாரம்' என்னும் சுவடிச் சேமிப்பகம் இருந்ததை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது என்றாலும், பெரும்பாலான சுவடிகள் மடங்களிலும் புலவர் வீடுகளிலுமே தங்கியிருந்தன. தென்காசியை அடுத்த மேலகரம் அத்தகைய கல்விப் பரம்பரை வாய்ந்த ஊர். திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும், 19ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும் அவ்வூரினர். ஓலைச் சுவடியை இரு மரச்சட்டங்களுக்கிடையே வைத்துக் கயிற்றால் இறுக்கி, துணியில் பொதிந்து, பெட்டியிலோ பரணிலோ வைப்பதும், பூச்சி அண்டாதிருக்க வசம்பு இடுவதும், சரஸ்வதி பூசையின்போது வெளியே எடுத்துத் தூசி தட்டுவதும், சிதைந்த ஏடுகளைப் புதிய ஓலையில் படியெடுப்பதும் அக்கால வழக்கம். சமையற்கட்டை ஒட்டிய பரணாயின், அடுப்புப் புகையே ஈரத்தையும் செல்லையும் ஓரளவு தடுத்துவிடும். சுவடி தேடித் திருநெல்வேலிக்குச் சென்ற உ.வே. சாமிநாதையர், தெற்குப் புதுத்தெருக் கவிராயர் வீட்டில் ஏடுகள் ஒழுங்காக அடுக்கிக் காக்கப்பட்டிருந்ததைக் கண்டு வியந்ததைத் தம் வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். அந்த ஒழுங்கு எல்லா வீடுகளிலும் இருந்திருந்தால் அவர் அவ்வளவு வியந்திருக்கமாட்டார்.

மழைக்கு ஏற்ற கட்டடக்கலையை இப்பகுதி அறியாததன்று. கூத்தபிரானின் ஐந்து சபைகளுள் ஒன்றான குற்றாலச் சித்திரசபை, செப்புத் தகடு வேய்ந்த சரிவுக் கூரையின் கீழ் தன் சுவரோவியங்களைக் காத்து நிற்கிறது; மலைக்கு அப்பாலுள்ள கேரளத்துக் கூரைமரபின் சாயலை அதில் காணலாம். சாரல் நீர் தங்காமல் உடனே வழிந்தோட வேண்டும் என்னும் அறிவு அக்கூரையில் பொதிந்துள்ளது. பிற்காலத்தில் நூலகம் கட்டியவர்கள் இந்தக் கட்டடத்தைக் கூர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

நூலைச் சுற்றி மனிதர்கள் கூடும் இடத்துக்கு இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற சான்று ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் (1882–1954) வட்டத்தொட்டி. தொட்டி என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தைக் குறிக்கும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய இலக்கிய அன்பர் குழுவுக்கும் அப்பெயர் அமைந்தது. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது ராஜாஜி, கல்கி முதலியோர் அங்கு அவரை நாடிவந்தனர். ஒரே கவிதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைக்கும் அந்த அவைக்கு அலமாரிகள் பெரிதாகத் தேவைப்படவில்லை; எதிரெதிரே முகம் பார்த்து அமரும் இடமே தேவைப்பட்டது.

பொது நூலகக் கட்டடம் என்னும் கருத்து சட்டத்தின் வழியே வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் முயற்சியால் 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியில் ரூபாய்க்கு 6 தம்படி, அதாவது அரையணா, நூலக வரியாகத் திரட்ட வழிசெய்தது. மாவட்டந்தோறும் அதைச் செலவிட நூலக ஆணைக்குழுக்கள் தோன்றின. நூல்கள் பயன்பாட்டுக்கே என்று 1931இல் வெளியான தம் ஐந்து விதிகளில் முதல் விதியை வகுத்த அவர், கட்டடத்துக்கும் அதிலிருந்தே அளவு வகுத்தார்: வெறுந்தரையில் நிற்கும் சராசரி மனிதரின் கைக்கு எட்டும் உயரமே அலமாரிக்குப் போதும், அலமாரிகள் சன்னலுக்குச் செங்குத்தாக நின்றால் பகல் வெளிச்சம் இடைவழியில் விழும், வாசகர் தாமே நூலை எடுத்துப் பார்க்கலாம். இம்முறை திறந்த அடுக்குமுறை எனப்படும். இந்தியத் தர நிறுவனமும் 1960இல் நூலகக் கட்டட வடிவமைப்புக்கு நெறிமுறை வெளியிட்டது.

நடைமுறையில் கிளை நூலகங்கள் பலவும் வாடகைக் கட்டடங்களில், வேறொன்றுக்காகக் கட்டிய அறைகளில் அமைந்ததால் இவ்வளவுகள் ஏட்டளவில் நின்றன. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளுக்குச் சிறு நூலகக் கட்டடங்களை அளித்தது. எனினும் வறண்ட இராமநாதபுரத்துக்கும் சாரல் நனைக்கும் குற்றாலத்துக்கும் ஒரே போக்கில் திட்டமிடுவது சிக்கனமானதேயன்றிப் பொருத்தமானதன்று. இங்கே சன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே வரும்; மூடினால் இருளும் பூஞ்சணமும் சேரும். சன்னலுக்கு மேல் ஆழமாக நீட்டிய இறவாரமும், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி நிறுத்திய அலமாரியும், கால் துடைத்துக் குடை மடக்க ஒரு திண்ணையும் இருந்தால் இச்சிக்கல் பெரிதும் தீரும்; பழைய வீடுகளில் இவற்றுள் இரண்டு இருந்தன.

இப்போது தேவை மீண்டும் மாறியிருக்கிறது. தென்காசியில் வ.உ.சி. பெயரால் இயங்கும் வட்டார நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும் பெண்களும் தம் குறிப்பேடுகளுடன் வந்து நெடுநேரம் அமர்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது முதுகு வலிக்காத நாற்காலி, மேசைக்கு நேர் மேலே விளக்கு, மின் இணைப்பு, குடிநீர், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. நூலுக்கு எத்தனை அடி, வாசகருக்கு எத்தனை அடி என்ற பழைய கணக்கை, அலமாரிகளின் எண்ணிக்கையில் தொடங்காமல் நாற்காலிகளின் எண்ணிக்கையில் தொடங்கிப் போடவேண்டிய நிலை 2019இல் தனி மாவட்டமான தென்காசிக்கு வந்திருக்கிறது.