மாத்திரை என்னும் சொல்

மாத்திரை என்றவுடன் மருத்துவர் தரும் குளிகையே இன்று எவர் நினைவிற்கும் வரும். அளவறிந்து உண்ணத்தக்கது என்னும் பொருள் அதனுள் அடங்கியிருத்தலைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. "அவன் மாத்திரம் வந்தான்", "கண்ட மாத்திரத்தில் தொழுதான்" என்னும் உலக வழக்குகளிலும் உள்ளுறைவது அளவே.

வடமொழியினின்று வந்த இச்சொல்லைத் தொல்காப்பியரே ஆண்டுள்ளார். இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரம், அல்லது கைந்நொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று; நெடிலுக்கு இரண்டு; மெய்க்கு அரை; மகரக்குறுக்கத்திற்கோ கால். விரல் நொடித்தலையே நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என நான்காகப் பகுத்துக் காலளவு கண்டனர் பழம்புலவர். என்னே அவர்தம் நுட்பம்!

இத்துணைக் கண்டிப்பாய் அளந்த ஆசிரியர், நூன்மரபின் இறுதி நூற்பாவில் இசைக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றார். உயிர் அளவு கடந்து ஒலித்தலும் ஒற்றிசை நீடலும் பாட்டில் உண்டு. அவை யாழ்நூலின் பாற்பட்டவை என்பது அவர் கருத்து. இசைநூலாரும் லகுவுக்கு ஒன்று, குருவுக்கு இரண்டு, புலுதத்திற்கு மூன்று எனத் தமக்கென மாத்திரை வகுத்துக்கொண்டனர்.

திருமுறை ஓதுவார்க்கு இவ்விரு அளவும் வேண்டும். பண்ணாங்கமாகப் பாடுங்கால் தாளம் துணைநிற்கும். திருத்தாண்டகத்தைச் சுத்தாங்கமாகப் பாடுங்கால் அத்துணையும் இல்லை. ஆண்டு நெடிலைப் பத்து மாத்திரை நீட்டினும் பொருள் கெடாது. குறிலை நீட்டினாலோ, இறைவன் உறையும் மலையைப் பாட வந்தவர் மாலையைப் பாடியவராவார்.