தர்பார் மண்டபம் கலைக்கூடம் ஆன கதை



அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி உயரம். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனாலும் கண்ணில் படும். கிருஷ்ணதேவராயர் தொடங்கிய அந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தவர் தஞ்சை மன்னர் செவ்வப்ப நாயக்கர். அந்த நாயக்கர்கள் தங்கள் தலைநகரில் எழுப்பிய அரண்மனைக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது என்பதை இந்த இதழில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய சத்திரத்தையோ வீட்டையோ பார்த்து, "இதை நாலு பேருக்குப் பயன்படும்படி ஏதாவது செய்யக் கூடாதா?" என்று உங்களில் பலர் கேட்டதுண்டு. அதற்கான பதில் தஞ்சாவூரில் இருக்கிறது.

நாயக்கர்களுக்குப் பின் அந்த அரண்மனை மராட்டியர் கைக்கு வந்தது. 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்ததும், கம்பெனியார் அரசைத் தங்களுடன் சேர்த்துக்கொண்டார்கள். ராஜாவும் இல்லை, தர்பாரும் இல்லை. மண்டபம் மட்டும் நின்றது. அரண்மனைக்குள் இருந்த சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சரபோஜி மன்னர் ஆசையாகச் சேர்த்த ஓலைச்சுவடிகளை ஊர்க்காரர்களும் போய்ப் பார்க்கலாம் என்று ஆனது.

அடுத்த திருப்பம் 1951இல். கரந்தையில் இருந்த ஒரு பிரம்மா சிலையைப் பார்த்த தொல்லியல் நிபுணர் ஒருவர், அதைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார். ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்கள் சிலை எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. அப்போது கலெக்டராக இருந்தவர் டி.கே. பழனியப்பன். அனுமதி மறுத்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மாவட்டம் முழுவதும் கேட்பாரற்றுச் சிதறிக் கிடந்த சிலைகளையும் திரட்டி, அரண்மனையிலேயே ஒரு கலைக்கூடம் அமைத்தார். இன்று நாயக்கர் தர்பார் மண்டபத்தில் நீங்கள் பார்க்கும் கலைக்கூடம் அப்படிப் பிறந்தது. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இப்போது அங்கேதான் இருக்கிறார். காளை இல்லை, அதன்மேல் சாய்ந்து நின்ற கை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு முறையாவது போய்ப் பாருங்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே காலையில் கதவைத் திறக்க ஒருவர் இருக்கிறார். டிக்கெட் கொடுக்க ஒருவர் இருக்கிறார். தினமும் ஆட்கள் வந்து போகிறார்கள். வங்கியில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று தனியே ஒதுக்கிவிடுவோம். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். கட்டடமும் அப்படித்தான். ஆள் நடமாட்டம் நின்றால் முதலில் ஓடு சரியும், அடுத்து ஆலஞ்செடி வேர்விடும், கடைசியில் "இடிந்து விழும் நிலை" என்று பலகை மாட்டுவார்கள்.

பத்திரம் சரியில்லாவிட்டால் நல்ல கட்டடமும் முடங்கும் என்பதற்குச் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால் சாட்சி. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை அது. நிலம் நகராட்சிக்குச் சொந்தம். 99 ஆண்டுக் குத்தகை. குத்தகை முடிந்ததும் யாருக்கு உரிமை என்று தகராறு கிளம்பி, வழக்கு நீதிமன்றம் வரை போனது. பல ஆண்டுகள் கதவு மூடியே கிடந்தது. அதன் பிறகுதான் மாநகராட்சி பல கோடி ரூபாய் செலவழித்துப் புதுப்பிக்க வேண்டி வந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் புகழ் வெளிநாடு வரை போனது. நம் குடியிருப்பிலோ குழந்தைகள் கார் நிறுத்தும் இடத்தில்தான் பரதம் ஆடிப் பழகுகிறார்கள். வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, போனதும் அடவைத் தொடர்கிறார்கள். பயன்படாத ஒரு பழைய கட்டடத்தின் கூடம் இவர்களுக்குக் கிடைத்தால் இரு தரப்புக்கும் லாபம். குழந்தைகளுக்குத் தரை கிடைக்கும், கட்டடத்துக்கு ஆள் கிடைக்கும்.

ஆனால் ஆசைப்படும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இடம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள்? வாரத்தில் எத்தனை நாள் வகுப்போ நிகழ்ச்சியோ நடக்கும்? மின்கட்டணம், காவலாளி சம்பளம், மழைக்கு முன் ஓடு மாற்றும் செலவு எங்கிருந்து வரும்? நன்கொடை திரட்டி வெள்ளையடித்துத் திறப்பு விழா நடத்துவது ஒரு தடவைச் செலவு. மாதா மாதம் வரும் செலவுக்கு வழி இல்லாவிட்டால், மூன்றாம் வருடம் மறுபடியும் பூட்டுத்தான். நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

உங்களுக்குத் தெரிந்த பழைய கட்டடம் ஏதேனும் இருந்தால் அது எந்தத் தெரு, யார் பொறுப்பில் இருக்கிறது என்று சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு பட்டியல் போடுவோம். கரந்தை மக்கள் அன்று வாய் திறந்து கேட்டதால்தான் சிலை ஊரில் தங்கியது. கேட்காத வீட்டுக்குக் கடனும் கிடைக்காது என்பது என் பணி அனுபவம்.